ஐசிசி போர்டில் இருக்கும் நம்பருக்கு ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள்

போன வருஷம் தருமபுரி பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். ஃபீஸ் கட்டும் கவுன்டருக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. 'உள்ளகப் புகார் குழு' என்று தலைப்பு (ஐசிசி என்பது இதுதான், கல்லூரியில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் குழு), கீழே ஒன்பது பேருடைய பெயர், பதவி, செல் நம்பர். வெயில் பட்டுப் பட்டு சிவப்பு எழுத்தெல்லாம் வெளிறி ரோஸ் ஆகிவிட்டது. சும்மா இருக்க மாட்டாமல், தலைவர் என்று போட்டிருந்த நம்பருக்கு அங்கேயே நின்று கூப்பிட்டேன். எடுத்தவர், "டிராக்டர் ஸ்பேர்ஸ்ங்க, என்ன மாடலு?" என்றார். விசாரித்தால், அந்த மேடம் மாறுதலில் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம், நம்பரையும் மாற்றிவிட்டாராம்.

சிரிப்பு வந்ததுதான், ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது வேறு மாதிரி தோன்றியது. வகுப்பில் யாரிடமும் சொல்லாமல், வீட்டிலும் சொல்லாமல், நாலு நாள் யோசித்து ஒரு பொண்ணு இந்த நம்பரை அழுத்தியிருந்தால்? ஸ்பேர்ஸ் கடைக்காரர் 'ராங் நம்பர்மா' என்று வைத்திருப்பார். அதோடு அந்தப் புகார் முடிந்திருக்கும்.

நான் வக்கீல் கிடையாது. பெண்கள் பிரச்சினைகளில் வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பில் பல வருஷம் இருந்தவள், அந்தக் கணக்கில் இரண்டு கல்லூரிக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். எங்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். "மேடம், அடுத்த மாசம் நாக் டீம் வர்றாங்க, உங்க பேரை எக்ஸ்டர்னல் மெம்பரா போட்டுக்கட்டுங்களா? நீங்க வரவேண்டியதெல்லாம் இல்லைங்க, ஒரு கையெழுத்து போதும்." இப்படித்தான் முதல் அழைப்பு வந்தது (நாக் என்பது கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் அமைப்பு). குழு என்பது ஃபைலுக்காக இருப்பது, பிரச்சினை என்று வந்தால் முதல்வர் அறையில் கதவைச் சாத்திப் பேசி முடித்துக்கொள்வது: நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றின் நடைமுறை இதுதான். சட்டம் சொல்வதோ இதற்கு நேர் எதிர். பேசி முடிக்கிற வேலை கல்லூரிக்குக் கிடையாது. தடுப்பது, கேட்பது, விசாரிப்பது, நடவடிக்கை எடுப்பது, இதெல்லாம் கல்லூரியின் கடமை. அந்தக் கடமை எதுவரைக்கும் என்று தெரியாமல்தான் பிள்ளைகளும் பெற்றோரும் நிறையப் பேர் முதல்வர் அறைக் கதவோடு நின்றுவிடுகிறார்கள்.

இது எங்கிருந்து வந்தது

1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர், அரசுத் திட்டத்தின் வேலையாகக் குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்கக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனால் ஊர் என்ன பாடுபடுத்தும் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்கு அனுப்பியவர்களுக்கு அவருடைய பாதுகாப்பில் பொறுப்பில்லையா என்ற கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-ல் விசாகா தீர்ப்பாக வந்தது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அது தந்த நெறிமுறைகள் 2013-ல் சட்டமாயின. போஷ் சட்டம் என்று சொல்வது அதைத்தான்.

அதே 1992-ல், ஜூன் 20 அன்று, நம் அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-ல் அதை உறுதி செய்த சென்னை உயர் நீதிமன்றம், அன்றைக்குக் கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் நாற்காலிகளில் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருஷம் ஆயிற்று. செய்தவன் மட்டுமில்லை, மேலே உட்கார்ந்துகொண்டு கண்டுகொள்ளாமல் விட்டவனும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நம் மாவட்டம் அவ்வளவு நாள் காத்திருந்து கேட்டது. கல்லூரிச் சட்டத்தின் அடிக்கல்லும் இதே எண்ணம்தான்.

போஷ் சட்டத்தில் கல்வி நிறுவனமும் பணியிடம்தான், புகார் தரும் பெண் அங்கே சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இருந்தாலும் மாணவிகளுக்கென்று தனியாக, விரிவாக எழுதியது யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. பொறியியல், பாலிடெக்னிக் போன்றவற்றுக்கு ஏஐசிடிஇ 2016-ல் தனியாக ஒன்று கொண்டுவந்தது. யுஜிசி ஒழுங்குமுறையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று சொல்லிவிட்டு, ஆண் மாணவர்கள் சிலரும் மூன்றாம் பாலின மாணவர்களும் ஆபத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதிராக நடப்பதற்கும் கல்லூரி உறுதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஹாஸ்டல் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

கேட்டுக்கு வெளியே நடந்தால்?

"அது காலேஜுக்கு வெளியில நடந்தது, நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லாத நிர்வாகம் அபூர்வம். ஒழுங்குமுறையில் 'வளாகம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் இப்படிப் பேச முடியாது. பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் காலையில் கிளம்பும் கல்லூரி பஸ் வளாகம். ஓசூர் சிப்காட்டுக்கு ஐ.வி. என்று தொழிற்சாலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பயணமும் வளாகம். ஏழு நாள் என்எஸ்எஸ் கேம்ப் நடக்கும் கிராமத்துப் பள்ளிக்கூடம், விளையாட்டுப் போட்டிக்குப் போன ஊர், கலை விழா நடக்கும் இடம், இன்டர்ன்ஷிப் அனுப்பிய கம்பெனி, எல்லாமே கணக்கில் வரும்.

ஆளும் அப்படித்தான். பேராசிரியர், சக மாணவர் மட்டுமில்லை. பஸ் டிரைவர், கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்தவர், கெஸ்ட் லெக்சர் கொடுக்க வந்த பெரிய மனிதர், வெளியாள் யார் செய்தாலும் கல்லூரி கையைக் கழுவ முடியாது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த கொடுமையில் குற்றவாளி அங்கே படிப்பவனும் இல்லை, வேலை பார்ப்பவனும் இல்லை. 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறையாமல் சிறை. வெளியாள் உள்ளே நடமாடுவதைத் தடுக்க விளக்கு, காவலாளி, பாதுகாப்பான போக்குவரத்து எல்லாம் ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் வேலை என்று எழுத்தில் இருக்கிறது.

எது துன்புறுத்தல் என்பதை நீட்டி எழுதவில்லை. விருப்பமில்லாமல் தொடுவது, பாலியல் சலுகை கேட்பது, அந்த மாதிரிப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இதில் சேராத ஆனால் அதே நோக்கமுள்ள பார்வை, சைகை, மெசேஜ். நம் கல்லூரிகளில் அதிகம் கேள்விப்படும் வகை வேறு: 'இன்டர்னல் என் கையிலதான் இருக்கு', 'ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வேணும்னா சாயந்திரம் தனியா வா'. மார்க்கையும் கையெழுத்தையும் காட்டி மிரட்டுவதும் ஆசை காட்டுவதும் நேரடியாகவே இந்த விளக்கத்துக்குள் வரும். கையே படவில்லையே, இதையெல்லாம் எப்படிப் புகார் என்று சொல்வது என்று தயங்க வேண்டாம்.

குழுவில் யார் இருக்கலாம், யார் இருக்கவே கூடாது

போர்டில் ஒன்பது பெயர் இருந்தது என்றேனே, அந்த எண்ணிக்கை சரிதான். தலைவர் ஒரு மூத்த பெண் ஆசிரியர். கல்லூரி என்றால் இணைப் பேராசிரியருக்குக் குறையாத நிலையில் இருக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு பேர், ஆசிரியரல்லாத ஊழியர் இரண்டு பேர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என்று மூன்று மாணவப் பிரதிநிதிகள். வெளியிலிருந்து ஒருவர், என்னை மாதிரி. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக் காலம் மூன்று வருஷம்.

மாணவப் பிரதிநிதிகளை வெளிப்படையான தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்தவரை ஹெச்ஓடி கை காட்டும் 'நல்ல பிள்ளை'தான் பிரதிநிதி. அந்தப் பிள்ளையிடம் போய் அதே டிபார்ட்மென்ட் சார் மீது யார் வாய் திறப்பார்கள்?

யார் இருக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் உறுப்பினராகவே இருக்க முடியாது. காரணம் எளிது: விசாரிப்பவர் வேறு, நடவடிக்கை எடுப்பவர் வேறாக இருக்க வேண்டும், நாளைக்கு மார்க் போடும் கையும் ஹால் டிக்கெட் கொடுக்கும் கையும் விசாரணை மேஜையில் இருக்கக் கூடாது. நானே பார்த்த போர்டுகள் பலவற்றில் 'டாக்டர் இன்னார், துறைத்தலைவர் மற்றும் ஐசிசி தலைவர்' என்று பெருமையாகவே அச்சடித்திருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம். ராகிங் தடுப்புக் குழு, மகளிர் மன்றம், குறைதீர்ப்புக் குழு என்று வரிசையாக இருக்கும், 'எங்ககிட்ட ஏற்கெனவே கமிட்டி இருக்குங்க' என்பார்கள். அவை எல்லாம் வேறு வேறு. மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி நடத்தும் மன்றத்துக்குச் சாட்சியை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. உள்ளகப் புகார் குழுவுக்கு உண்டு. ஆளை வரவழைப்பதிலும் ஆவணம் கேட்பதிலும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தையே சட்டம் அதற்குக் கொடுத்திருக்கிறது.

புகார் வருவதற்கு முன்பே கல்லூரி செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. உறுப்பினர்களின் விவரத்தையும் தண்டனை என்ன என்பதையும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், முதலாண்டு அறிமுக நிகழ்ச்சியில் சொல்ல வேண்டும், ப்ராஸ்பெக்டஸில் போட வேண்டும், குழுவுக்குப் பயிற்சி தர வேண்டும், எத்தனை புகார் வந்தது, என்ன ஆயிற்று என்று வருஷா வருஷம் யுஜிசிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 'எங்க காலேஜ்ல பூஜ்யம் புகார்' என்று ஒரு முதல்வர் என்னிடம் பெருமைப்பட்டார். மூவாயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பல வருஷமாகப் பூஜ்யம் என்றால் எனக்குப் பயம்தான் வருகிறது.

புகார் கொடுத்த பிறகு

நாள் கணக்கு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதம். வர முடியாததற்குச் சரியான காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். இதை லேசாக எடுக்க வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகார், இந்தக் கெடு தாண்டிவிட்டது என்ற காரணத்தாலேயே 2025-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை; ஆனாலும் அந்தத் தீர்ப்பை அவர் தன் சுயவிவரத்தில் குறிப்பிட்டாக வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

எழுத வரவில்லை, கை நடுங்குகிறது என்றால் எழுதித்தர உதவுவது குழுவின் கடமை. புகார் தரும் நிலையிலேயே அவர் இல்லை என்றால் தோழி, உறவினர், சக மாணவர், மனநல ஆலோசகர் யாராவது கொடுக்கலாம்.

புகார் கிடைத்து 7 நாளுக்குள் அதன் நகல் எதிர்த் தரப்புக்குப் போக வேண்டும், அவருக்குப் பதில் சொல்ல 10 நாள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு செமஸ்டர். முடிந்து 10 நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கு. நிர்வாகம் 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், யாராவது மேல்முறையீடு செய்தால் தவிர. குழு சொன்னதைச் செய்யப் போவதில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலை இரண்டு தரப்புமே கூட்டி வர முடியாது. தலைவரோடு சேர்த்து மூன்று உறுப்பினராவது உட்காராமல் விசாரணை நடத்தக் கூடாது. தலைவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு 'சொல்லும்மா' என்று கேட்பது விசாரணை ஆகாது.

90 நாளும் அதே ஆள் அதே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தால்? இங்கேதான் இடைக்கால ஏற்பாடு வருகிறது, இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாருமே சொல்வதில்லை. புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் தேர்வுத்தாளைத் திருத்தக் கூடாது, மதிப்பீடு செய்யக் கூடாது என்று தடுக்கலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். விலகி இரு என்று எச்சரிக்கலாம், மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள்ளேயே விடாமல் நிறுத்தலாம். மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், அதனால் அவருடைய அட்டென்டன்ஸோ சலுகைகளோ பாதிக்கக் கூடாது. 'அட்டென்டன்ஸ் போயிடும்' என்ற ஒரே பயத்தில் அவன் எதிரில் போய் உட்கார்ந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

நிரூபணமானால் ஊழியருக்குப் பணி விதிப்படி தண்டனை. மாணவன் என்றால் நூலகம், ஹாஸ்டல், பஸ், உதவித்தொகையை நிறுத்துவதிலிருந்து இடைநீக்கம், பெயரையே நீக்குவது வரைக்கும் போகலாம். நிரூபிக்க முடியவில்லை என்றால்? அதனாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது, அதற்காகப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்பதை நான் சொன்னால் என் தோழிகளே கோபப்படுகிறார்கள். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீதான விசாரணையை 2009-ல் அவசர அவசரமாக முடித்தார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த அவசரத்தைக் காரணம் காட்டி, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 14 வருஷம். புகார் கொடுத்த மாணவிகளுக்கும் அது நல்லதாக முடியவில்லை.

'பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா'

நம்மூரில் எல்லாம் இடறி விழுவது இந்த இடத்தில்தான். புகார் வந்ததும் கல்லூரி செய்யும் முதல் வேலை அப்பாவுக்குப் போன். அப்பா வேலையை விட்டுவிட்டு, கூடவே மாமாவையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். முதல்வர் அறையில் டீ வரும். "பொண்ணு வாழ்க்கைங்க, வெளிய தெரிஞ்சா யாருக்கு நஷ்டம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பையன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பையன் காலில் விழுவான். வெள்ளைத் தாளில் 'இருவரும் சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்குவார்கள். அடுத்த வாரம் பொண்ணு கல்லூரிக்கு வராது. ஆறு மாதத்தில் பத்திரிகை வரும், கல்யாணப் பத்திரிகை.

புகார் கொடுக்காமல் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதற்கு அந்த ஆளின் மீதுள்ள பயத்தைவிட இந்தப் பயம்தான் பெரிது: படிப்பு நின்றுவிடும். ரகசியம் காப்பது சட்டத்தில் ஏதோ மரியாதைக்காகப் போட்ட வரி இல்லை. புகார் கொடுத்தவர், சாட்சி, எதிர்த் தரப்பு யார் என்பதையும் விசாரணை விவரத்தையும் வெளியே விடக் கூடாது. விட்டவருக்கு அபராதம் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆர் வெளியே கசிந்ததற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 18 முடிந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குப் போன் போடுவது தவறு என்பது என் கருத்து. அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சமரசம் என்பது சட்டத்தில் அடியோடு இல்லையா என்றால், இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் மட்டும், குழுவின் வழியாக மட்டும், பணம் கைமாறுவதை அடிப்படையாக வைக்காமல். முதல்வரோ தாளாளரோ 'பேசி முடிச்சிக்கலாம்' என்று தொடங்குவதற்கு அதில் இடமே இல்லை.

18 முடியாதவர் என்றால்

இங்கே கல்லூரிகள் பெரிதாகக் கோட்டை விடுகின்றன. பாலிடெக்னிக்கில் பத்தாவது முடித்துச் சேரும் பிள்ளைக்கு 15, 16 வயது. கலைக் கல்லூரி முதலாண்டிலும் சேரும்போது 17 வயதில் நிறையப் பேர் இருப்பார்கள். 18 முடியாத வரை போக்சோ சட்டம். இந்த வயதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, குழு விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. தெரிந்தவுடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரைக் காப்பாற்ற மறைத்தால் ஒரு வருஷம் வரை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பிரிவு இல்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவிகளிடம் பாலியல் வன்முறை நடந்தது வெளியே வந்தபோது, விஷயம் தெரிந்தும் மறைத்தார்கள் என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். பள்ளிக்கு நடந்தது பாலிடெக்னிக்குக்கு நடக்காதா?

18 தாண்டியவர் என்றால் போலீஸுக்குப் போவதா, குழுவுக்குப் போவதா, இரண்டுக்குமா என்பது அவர் விருப்பம். 'முதல்ல கமிட்டி முடியட்டும், அப்புறம் ஸ்டேஷன் போலாம்' என்று கல்லூரி சொல்ல முடியாது. போகிறேன் என்றால் கூட நின்று உதவ வேண்டும், அது குழுவுக்கு எழுதி வைத்த வேலை. மாநிலத்திலும் தனிச் சட்டம் உண்டு. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்ற பெயரில் வந்தது, பிறகு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாறி, 2025-ல் தண்டனையும் கூடியிருக்கிறது. கல்வி நிறுவனத்துக்குள் நடந்தால் பொறுப்பாளர் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது அதில் அப்போதே இருந்தது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பல நேரம் சி.எஸ்.ஆர். என்று, புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பாலியல் குற்றத்துக்கு அது போதாது, எஃப்ஐஆர் போட்டாக வேண்டும். சம்பவம் ஓசூரில், வீடு அரூரில் என்றாலும் அரூரிலேயே கொடுக்கலாம், அவர்கள் பதிந்து அனுப்பி வைப்பார்கள். காவல் நிலையப் புகாருக்கு மேலே சொன்ன 3 மாதக் கணக்கும் கிடையாது. வன்கொடுமைக்கு ஆளானவரை எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, 'முதல்ல எஃப்ஐஆர் கொண்டாங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடனடியாக, காசு வாங்காமல் சிகிச்சை தர வேண்டும்.

பூட்டி வைப்பது பாதுகாப்பு இல்லை

ஏதாவது நடந்தால் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றும் யோசனை லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுவது. பையன்கள் பத்து மணி வரை டீக்கடையில் நிற்கலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று யுஜிசி ஒழுங்குமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. வார்டன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கல்லூரி செய்யவில்லை என்றால்

குழுவே அமைக்கவில்லை என்றால் போஷ் சட்டத்தில் 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகவும் வழி உண்டு. அபராதத்தைப் பார்த்து எந்தத் தாளாளரும் தூக்கம் கெட மாட்டார் என்பது வேறு. யுஜிசி மானியத்தை நிறுத்தலாம், இந்தக் கல்லூரி விதியைப் பின்பற்றவில்லை என்று பொதுமக்களுக்கு அறிவிக்கலாம், இணைப்பை ரத்து செய்யும்படி பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக்கலாம். தாளாளர்களுக்குச் சுடும் இடம் இந்த இணைப்புதான்.

புகார் தாளாளர் மீதே என்றால்? அவரிடம் சம்பளம் வாங்குபவர்கள் அவரை விசாரிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, சட்டமும் எதிர்பார்க்கவில்லை. அதற்குத்தான் மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு. கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 181-க்குப் போன் செய்தாலும் பெண்கள் உதவி மையத்திலிருந்து வழிகாட்டுவார்கள், 18 முடியாதவர்களுக்கு 1098. படத்தையோ வீடியோவையோ வைத்து மிரட்டினால் 1930.

கடைசியாகப் புகார் எழுதும் விதம். தமிழில் எழுதினால் போதும், அனுப்புநர் பெறுநர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிவாக்கில், எந்த இடம், அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வார்த்தையையே எழுதுங்கள், 'அசிங்கமாகப் பேசினார்' என்று எழுதினால் விசாரணையில் அதற்கு எடை குறைவு. வாட்ஸப் மெசேஜை அழிக்காமல் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்குங்கள், அந்த 90 நாளின் கணக்கு அந்தத் தேதியை வைத்துத்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். நகலை வீட்டில் புத்தகத்துக்கு நடுவில் ஒளித்து வைக்க வேண்டாம், அம்மா பரணில் அடுக்கும்போது விழும். போட்டோ எடுத்து நம்பிக்கையான தோழி ஒருத்திக்கு அனுப்பிவிடுங்கள்.